முதல் பெட்டி தொண்டனுக்கு!



ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் பஸ் பிடிக்க வந்தவர்கள்கூட நின்று கேட்கிற இந்தச் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். "கொள்கை சோறு போடாது, அரசியல் என்றால் ஜெயிப்பதுதான்" என்று இன்று எல்லாக் கட்சியிலும் பேசுகிறார்கள். அதற்கு எதார்த்தம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் சொல்கிறேன், அது சரணாகதி!

எதார்த்தம் எப்படி இருக்க வேண்டும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் இந்தத் திருச்சி. 1949இல் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் 1952 தேர்தலில் நிற்கவில்லை. 1956 மே மாதம் இங்கே மாநில மாநாடு. இனிமேல் நிற்பதா, வேண்டாமா? அறிஞர் அண்ணா நினைத்திருந்தால் ஒரு அறிக்கையில் முடித்திருக்கலாம். மாநாட்டுக்கு வந்தவர்களிடம் வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டார்கள்! நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். மறு ஆண்டே சட்டமன்றத்தில் 15 இடம். 1967இல் ஆட்சி!

தந்தை பெரியாரோ தன் திராவிடர் கழகத்தைத் தேர்தல் பாதைக்கே கொண்டுவரவில்லை. பதவிக்குப் போனால் கொள்கை கரையும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 1951இல் இடஒதுக்கீடு தந்த வகுப்புவாரி உரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாது என்றபோது, தேர்தலில் நிற்காத அவர் இயக்கம் தெருவில் இறங்கிப் போராடியது. அந்த ஆண்டே இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பதவி இல்லாமலும் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை அதே இயக்கம் ஊர் ஊராக நடத்தி வைத்தது. 1953இல் உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் செல்லாது என்றது. கட்டிய மனைவிக்குச் சட்டத்தில் இடமில்லை! அந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைத்தது 1967இல், அண்ணாவின் அரசு சட்டம் கொண்டு வந்தபோது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். தெரு கேட்டதைக் கோட்டை கொடுத்தது!

அண்ணாவின் கழகத்தினர் விலை கொடுக்காமல் கோட்டைக்குப் போனார்களா? இல்லை. 1963இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்ததும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார்கள். அதிகாரம் விலை கேட்கத்தான் செய்யும். 1919இல் மியூனிக் நகரில் மாணவர்களிடம் பேசிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், அரசியலுக்கு வருகிறவன் தன் செயலின் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றார். நான் அதோடு ஒன்று சேர்க்கிறேன்: விலையைக் கொடுக்கப் போகிறவனிடம் முதலில் கேட்க வேண்டும்!

இன்று கேட்கிறார்களா? யாரோடு கூட்டணி என்பதைத் தொண்டன் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். நேற்று வரை யாரை எதிர்த்துச் சுவரெழுத்து எழுதினானோ, இன்று அவருக்கே ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக அலைகிறான். பொதுக்குழுவில் தீர்மானத்தை வாசிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், முடிந்தது. கைதட்டல் வாக்காகுமா?

இளைஞர்களே, நீங்கள் எந்தக் கொடி பிடித்தாலும் சரி, உங்கள் கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கூட்டணியா? உறுப்பினர் வாக்களிக்கட்டும். கொள்கையில் விட்டுக்கொடுப்பா? உறுப்பினர் வாக்களிக்கட்டும். எண்ணிக்கையை வெளியே சொல்லட்டும், வேண்டாம் என்றவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்து! சொந்தத் தொண்டனிடம் வாக்குக் கேட்க அஞ்சுகிற தலைவருக்கு நாட்டு மக்களிடம் வாக்குக் கேட்க உரிமை இல்லை!