நடந்து போவோம், நலமாய் வருவோம்



புரட்டாசி பிறக்கப் போகிறது. நம்மில் பலர் திருமலைக்கு நடக்கத் தயாராகிறோம். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அதன் பிறகு மலை. அலிபிரி வழியில் 9 கிலோமீட்டர், 3550 படிகள். வழியெல்லாம் என்ன சாப்பிடுவது? விரதத்தை எப்படி இருப்பது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் என் பெரியம்மா கதையைக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு புரட்டாசி சனிக்கிழமை எங்களோடு நடந்து வந்தார். அன்று விரதம். மாத்திரையை மட்டும் விழுங்கினார். ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. உச்சி வெயிலில் அவருக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. பேச்சு குழறியது. "சாமி வந்துவிட்டது" என்று நாங்கள் கற்பூரம் ஏற்றினோம். "கோவிந்தா" போட்டோம்.

அங்கே ஒரு டீக்கடை அம்மா ஓடி வந்தார். "இது சாமி இல்லை. சர்க்கரை குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்" என்றார். சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மாத்திரை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கிறது. நடையும் குறைக்கிறது. வயிற்றிலோ சோறு இல்லை. மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. ஆகவே சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சு அடைக்கும். உடனே 108 வண்டியைக் கூப்பிடுங்கள்.

விரதம் இருக்கலாம். ஆனால் தண்ணீரை விடாதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு நல்லது. வயிற்றுப்போக்கு வந்தால் இந்தக் கரைசலைக் கொடுங்கள்:

கொதித்து ஆறிய தண்ணீர் – 1 லிட்டர்
சர்க்கரை – தலை தட்டி 6 தேக்கரண்டி
உப்பு – தலை தட்டி அரை தேக்கரண்டி

அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல்.

ஒருவேளை விரதம் என்றால் பழம், பால், அவல் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வேர்க்கடலையும் வெல்லமும் மடியில் இருக்கட்டும். இரண்டு கைப்பிடி தின்றால் தெம்பு வரும். விரதம் இல்லாத நாளில் காலையில் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். பசி தாங்கும்.

கட்டுச்சோற்றுக்குப் புளிசோறு நல்லது. தேங்காய்ச் சட்டினி வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். அதை எடுத்துப் போகாதீர்கள். வழியில் அன்னதானம் கிடைக்கும். சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள். ஈ மொய்த்ததைத் தொடாதீர்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு நடக்காதீர்கள். விடியற்காலையிலும் மாலையிலும் நடங்கள். உச்சி வெயிலில் நிழலில் படுங்கள்.

படி ஏறும்போது மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் உடனே உட்காருங்கள். அலிபிரி வழியில் காலி கோபுரத்தில் மருத்துவ உதவி உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். மேலே போனால் பசிக்குக் கவலை இல்லை. திருமலையில் 1985 முதல் இலவச அன்னதானம் நடக்கிறது.

பெரியம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அன்று அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அடுத்த வாரம் பேருந்தில் போனார். காலையில் இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போனார். கண்குளிரத் தரிசனம் செய்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "சாமி என்னைத்தான் கேட்டார். என் பசியைக் கேட்கவில்லை."

நீங்களும் நல்லபடியாகப் போய் வாருங்கள். உங்கள் கூட்டத்தில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நமக்குத்தான் எழுதத் தெரியுமே!