சபர் பணமும் சமையற்கட்டும்

(ஜுமுஆ உரையின் சுருக்கம்)



2015ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வின்படி, தமிழகத்தார் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தனர். சிங்கப்பூர், அமீரகம், சவூதி ஆகியவையே அவர்கள் அதிகம் சென்ற நாடுகள். கீழக்குயில்குடி போன்ற மதுரைப் பகுதி ஊர்களில் மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். கூலி வேலையும் குறையும். அத்தகைய ஆண்டிலும் சபர் சென்றவர் அனுப்பும் பணம் அரிசியாக, பருப்பாக, பாலாக வீடு வந்து சேர்கிறது. இது இறைவனின் அருட்கொடை.

ஆயினும் அப்பணம் நேரே சமையற்கட்டுக்குச் செல்வதில்லை. விசாவுக்கு வாங்கிய கடன், மனை, மாடி, திருமண நகை எனப் போக, எஞ்சியதே உணவுக்கு என்றாகிவிடுகிறது. மார்க்கமோ மனைவி மக்களின் உணவை நஃபகா எனும் கட்டாயக் கடமையாக்கியுள்ளது. கடல் கடந்து சென்றாலும் அக்கடமை நீங்காது. வெளியே மாடி உயர, உள்ளே பிள்ளையின் பால் குறைவது முறையாகுமா?

அனுப்புகிறவரின் பசியையும் எண்ணிப் பாருங்கள். 2016இல் ஜித்தாவில் வேலையும் சம்பளமும் இன்றித் தவித்த இந்தியத் தொழிலாளர்களுக்கு நம் துணைத் தூதரகமே உணவுப் பொருள் வழங்க நேர்ந்தது. நமக்குச் சோறிட்ட கைகள் அங்கே சோற்றுக்காக நீண்டன!

இவ்வருவாய் நிலையானதும் அன்று. 1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் தாயகம் திரும்பினர். 2020இல் கொரோனாவால் வேலையிழந்து திரும்பியோர் பலர். செழிப்பான ஏழாண்டுகளின் தானியத்தைப் பஞ்சத்தின் ஏழாண்டுகளுக்கெனச் சேமிக்கச் செய்த யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குப் பாடமல்லவா?

எனவே, பணம் வந்தவுடன் உணவுக்குரிய பங்கை முதலில் பிரித்து வையுங்கள். மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவையேனும் சேமியுங்கள். வரும் தொகை எவ்வளவு என்பதை வீட்டுப் பெண்கள் அறியட்டும். உணவுப் பங்கு அவர்கள் கையில் இருக்கட்டும். தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பணம் வருகிறதென்று குடும்ப அட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். பணம் நின்றுபோன வீடு வெட்கத்தால் வாய் திறவாது. அண்டை வீட்டார் அதனை அறிந்து, பெயர் வெளிவராமல் ஜமாஅத்திற்குத் தெரிவிப்பது கடமை.

வல்ல அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக! சபரில் உள்ளோரைப் பாதுகாப்பானாக! ஆமீன்.