தேதியைச் சொல்லுங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எய்ஸ்கார்த் என்று ஒரு கிராமம். அங்கே வில்லியம் பிக்கிள்ஸ் என்றொரு குடும்ப டாக்டர் இருந்தார். அவரிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு நோட்டுதான். இன்னாருக்கு இன்ன தேதியில் காய்ச்சல் என்று எழுதி வைப்பார். அவர் மனைவி அதை வரைபடத் தாளில் ஏற்றுவார்.

1929-இல் அந்தப் பக்கம் மஞ்சள் காமாலை பரவியது. ஒரு பெண்ணைக் காலையில் படுக்கையில் பார்த்துவிட்டு வந்தார் டாக்டர். அவள் எழுந்து நடமாடுவாள் என்று அவர் நினைக்கவே இல்லை. அவளோ அன்றைக்கே ஊர் விழாவுக்குப் போய்விட்டாள்! சுமார் ஒரு மாதம் கழித்து, விழாவுக்கு வந்த பலருக்குக் காமாலை. தொற்றியதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே சுமார் ஒரு மாதம். நோட்டில் இருந்த தேதிகள் காட்டிக்கொடுத்த உண்மை இது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளி மட்டும்தான் வருவார். அவர் யாரோடு பழகினார், எந்த விசேஷத்துக்குப் போனார் என்பது குடும்ப டாக்டருக்குத்தான் தெரியும். அதுவும் நாம் சொன்னால்தான்! என்றைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது என்று கேட்டால், "ஒரு நாலைந்து நாளா" என்கிறோம். காலண்டரைப் பார்த்துத் தேதியைச் சொல்லுங்கள். எய்ஸ்கார்த் ஜனங்கள் சொன்ன தேதிகள்தான் 1939-இல் ஒரு மருத்துவப் புத்தகமாக வந்தன.