மௌனம் சம்மதமாகுமா?



“மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி” என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வாசகம். கலியாணப் பேச்சிலும் கோயிற் பரிபாலன சபையிலும் ஒருவர் வாய் திறவாதிருந்தால், அவர் இசைந்துவிட்டார் என்றே கொள்ளுகிறோம். எதிரே இருப்பவர் முகஞ் சுளிப்பதையும் நாற்காலியில் நெளிவதையும் காணக்கூடிய இடத்தில் இந்த வாசகம் ஓரளவு பொருந்தலாம். வீட்டிலிருந்து வேலை செய்வோர் கணினித் திரையிற் கூடிப் பேசும் காணொளிக் கூட்டத்துக்கும் இது பொருந்துமா என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

பொருந்தாது என்பதை நான் என் தவற்றினாலேயே கற்றேன். அது 2022 ஆம் ஆண்டு யூன் மாதம். எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். மின்வெட்டும் இருந்தது. அரச ஊழியர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றும்படி பணிக்கப்பட்டனர். எங்கள் அலுவலகமும் அவ்வாறே இயங்கிற்று. ஒருநாட் காலை, வெளிக்கள வேலையொன்றை எந்தத் திகதிக்குள் முடிப்பது என்று தீர்மானிப்பதற்காகத் திரையிற் கூடினோம். தலைமை வகித்தவன் நான். திகதியைக் கூறி, “எவருக்கேனும் ஆட்சேபம் உண்டா?” என்று வினவினேன். எவரும் பேசவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று குறித்துக்கொண்டேன்.

அவ்வேளையில், வவுனியாவிலிருந்து கலந்துகொண்ட உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. அவருடைய முகம் திரையில் அசையாது நின்றது. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நான் எண்ணினேன். வெளிக்களத்துக்குச் செல்லவேண்டியவர்களோ அவருடைய பிரிவினர். அவர்களுடைய மோட்டார்ச் சைக்கிள்களுக்குப் பெற்றோல் இல்லை என்பதைச் சொல்லவே அவர் காத்திருந்தார். மறுநாள் கூட்டக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். “சேர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான். திகதியை மாற்றுவது எளிதாயிருந்தது. அவர் மனத்தில் ஏற்பட்ட வருத்தம் ஆறுவதற்குத்தான் நாட்கள் சென்றன.

நேயர்களே, இத்தகைய கூட்டங்களில் மௌனம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது? நேரிற் பேசும்போது, ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள வெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அது சராசரியாக ஒரு விநாடியின் ஐந்திலொரு பங்களவே என்று காட்டியது. இணையத்தின் வழியே குரல் சென்று சேரவோ காலம் பிடிக்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்குவது நன்று என்றும், 400 ஐத் தாண்டலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வழிகாட்டியுள்ளது. இணைப்புத் தளர்ந்த வீடுகளில் இந்த எல்லை எளிதிற் கடக்கப்படுகிறது. அப்போது பேச முயல்பவரின் குரல் பிறர் குரலோடு மோதுகிறது. “நீங்கள் சொல்லுங்கள்” என்று அவர் ஒதுங்கிவிடுகிறார். இரண்டு முறை இப்படி நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் முயலமாட்டார். ஜெர்மனியில் நடந்து 2014 இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனினும் கவலைக்குரிய ஒன்றைச் சொல்கிறது. தாமதம் கூடும்போது அதை இணைப்பின் குற்றமாக நாம் கொள்வதில்லை. மறுமுனையில் இருப்பவரே கவனக்குறைவு உள்ளவர் என்று எண்ணிவிடுகிறோமாம்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. தலைமை வகிப்பவர் எல்லோரையும் பொதுவில் வினவுவதை விட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, “உங்கள் கருத்து யாது?” என்று கேட்கவேண்டும். கேட்டபின், மனத்துள் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருக்கவேண்டும். விடை வராதவரைத் தொலைபேசியிலாவது அழைத்துக் கேளாமல், அவரைத் தொடும் தீர்மானத்தை முடிக்கலாகாது. பேசுபவர் சுருக்கமாகப் பேசி, “நான் சொல்ல விரும்பியது இவ்வளவே” என்று முடிவை வாயாற் சொல்லிவிட்டால், அடுத்தவர் தயங்காமல் தொடங்குவார். இணைப்புத் தளர்ந்தால் கமராவை நிறுத்திவிடலாம். படத்தைப் பார்க்கிலும் குரலுக்கு மிகக் குறைந்த தரவே போதும். பேசாத வேளையில் ஒலிவாங்கியை அணைத்து வைத்தால், அயல்வீட்டுச் சேவல் கூட்டத்திற் பங்குகொள்ளமாட்டாது. இறுதியாக, தீர்மானங்களை ஒருமுறை உரத்து வாசித்து, அன்றே எழுத்திலும் அனுப்பிவிடவேண்டும். இடையில் இணைப்பு அறுந்தவருக்கு அதுவே துணை.

வானொலியிற் பேசும் நான் உங்கள் முகங்களைக் காண்பதில்லை. நீங்கள் தலையசைக்கிறீர்களா, அல்லது றேடியோவை மூடிவிட்டீர்களா என்பதை அறிய எனக்கு இவ்விடத்தில் வழியில்லை. கூட்டத்தில் இருப்பவருக்கோ அந்த வழி உண்டு. பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் சேமிக்கப் போய் ஒரு நல்ல ஊழியரின் மனத்தைப் புண்படுத்தியவன் நான். அன்று தொடங்கி எங்கள் கூட்டங்களில் முதலில் அழைக்கப்படுவது வவுனியாவிலிருந்து பேசுபவரின் பெயரே.