நீரிழிவும் விளையாட்டும்

சயான் ரயில் நிலையத்தினின்று கிழக்கே சிறிது தூரம் நடந்தால், ஒரு சிறு குன்றும் அதன் உச்சியில் சிதைந்த கோட்டையொன்றும் காணப்படும். ஜெரால்டு ஆஞ்சியர் பம்பாயின் கவர்னராயிருந்த 1669-க்கும் 1677-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எழுந்த கோட்டை அது. எல்லை என்று பொருள்படும் ‘சீவ்’ என்ற மராத்திச் சொல்லினின்றே இவ்வூர்ப் பெயர் வந்தது என்பர். இன்று அங்கே காவல் வீரர் இல்லை. விடியற்காலையில் படியேறி மூச்சு வாங்கும் நகரமக்களே உளர். நம்மவரும் அவர்களுள் உண்டு. பலர் மகிழ்ச்சிக்காக ஏறுவதில்லை. நீரிழிவு கண்டபின் மருத்துவர் சொன்னதற்காக ஏறுகின்றனர்.

நேயர்களே, இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான். கஷாயம் குடிப்பதுபோல் முகஞ்சுளித்து நடப்பவர் மூன்று வாரம் நடப்பார்; மழை வந்ததும் நின்றுவிடுவார். விரும்பி ஆடுபவரோ மழை எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம்மில் பெரும்பாலோர் ஊரில் ஆடாமல் வளர்ந்தவரல்லர். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர் சடுகுடுவை அறிவார். தஞ்சையிலிருந்து மாதுங்காவுக்கு வந்தவர் பூப்பந்து மட்டையைப் பிடித்தவராயிருப்பார். கும்மியும் கோலாட்டமும் அறியாத பெண்டிரும் அந்நாளில் குறைவு. பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தபின், ரயிலில் போகவர இரண்டு மூன்று மணி, அலுவலகத்தில் எட்டு மணி, எஞ்சியதற்கு ஓர் ஒற்றை அறை என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. ஆட்டம் முதலில் போயிற்று. சில ஆண்டுகளில் நோய் வந்தது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

நோய் வந்தபின் வீட்டார் அன்பினால் செய்யும் தவறு ஒன்றுண்டு. “அப்பாவுக்குச் சர்க்கரை, மட்டையைத் தொடவேண்டாம்” என்று பிள்ளைகள் தடுப்பார்கள். இத்தடையை மருத்துவம் ஒப்புவதில்லை. 1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜாஸ்லின், நீரிழிவுச் சிகிச்சையை மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு ஒப்பிட்டார். உணவும் இன்சுலினும் இரு குதிரைகள், உடற்பயிற்சி மூன்றாவது.

அக்குதிரை இழுக்கும் விதம் வியப்பானது. இன்சுலின் குறைந்தோ செயலற்றோ இருக்கும் உடலில், இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் புகமுடியாமல் வெளியே நிற்கிறது. தசை சுருங்கி விரியும்போது வேறொரு வழி திறக்கிறது. இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரை உள்ளே செல்லுகிறது. ஆட்டம் முடிந்த பின்னும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட, இன்சுலினுக்குத் தசை நன்றாக இணங்குகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். வாரத்திற்கு 150 நிமிடம் என்ற கணக்கும் உண்டு. ஒரே நாளில் அவ்வளவும் ஆடித் தீர்த்துவிடலாம் என்று பொருளன்று.

இது முடியுமா என்று ஐயுறுவோர் சென்னைச் சேப்பாக்கத்தை நினைவுகூரலாம். 1999 ஜனவரியில் அங்கு நடந்த டெஸ்ட் பந்தயத்தில், நம் பம்பாய்ச் சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ஓட்டம் எடுத்தும் பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றது. வென்ற அணியை மைதானமே எழுந்து நின்று வாழ்த்தியது. தமிழர் பெருமை கொள்ளத்தக்க செயல் அது. அந்த அணியின் தலைவர் வாசிம் அக்ரமுக்கு 1997-இலேயே நீரிழிவு கண்டிருந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே அவர் வேகப்பந்து வீசினார். ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட் என்ற எல்லையை எவரினும் முதலாக 2003-இல் எட்டினார். அவர் முப்பது வயது விளையாட்டு வீரர், நாமோ ஐம்பதைக் கடந்தவர்கள் என்பது மெய்யே. அவரைப்போல் ஆடவேண்டும் என்பதன்று நம் கருத்து. நோய் வந்ததாலேயே ஆட்டம் முடிந்துவிடவில்லை என்பதற்கு அவர் சான்று.

ஆயினும் அச்சம் முழுவதும் வீண் என்று தள்ளிவிடலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும் சிலவகை மாத்திரை உண்போருக்கும் ஆட்டத்தின் நடுவே சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துக் கால்மணி நேரம் அமர்ந்து, மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். இவர்கள் தொடங்குமுன் அளவு 90-க்குக் கீழே இருப்பின் ஒரு வாழைப்பழம் உண்டபின்னரே களத்தில் இறங்குவது நன்று. 250-க்கு மேலிருந்து உடலும் சோர்ந்திருந்தால் அன்று ஓய்வே தகும். மாலையில் கடுமையாக ஆடினால் இரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். கண்ணின் உட்படலத்தில் இரத்தக்குழாய் கெட்டிருப்பவர் பளு தூக்குதலும் மூச்சடக்கி முக்குதலும் கூடாது. பல ஆண்டு ஓய்ந்திருந்தவரும் மார்பு வலி உடையவரும் முதலில் இதயத்தைச் சோதித்துக்கொள்ளட்டும்.

மீண்டும் தொடங்கும்போது பழைய வலிமையைத் தேடிப் போவதுதான் பலரைக் கெடுக்கிறது. இருபது வயதில் மூச்சுவிடாமல் பாடிச்சென்று எதிரியைத் தொட்ட சடுகுடுவை ஐம்பதில் ஆடவேண்டியதில்லை. நம் சடுகுடுவை மராத்தியர் ஹுதூதூ என்று ஆடியவர்கள். அதைச் சிறுவருக்குக் கற்பிக்க ஒருவர் முன்வந்தால், அவரும் களத்தில் அரைமணி ஓடியாடுவார். பூப்பந்து ஆடியவர் முதல் மாதம் பந்தை வெறுமனே தட்டிக்கொண்டிருக்கலாம். நடனம் கற்ற பெண்மணி பத்து நிமிட அடவில் தொடங்கலாம். அடைமழைக் காலத்திற்கு அறைக்குள் ஆடும் கோலாட்டத்தைவிடச் சிறந்த பயிற்சி நமக்குத் தெரியவில்லை. நடையே விருப்பமானவருக்கு மாதுங்காவின் ஐந்து தோட்டங்கள் உள்ளன. தாராவியின் அருகே குப்பை மேட்டின் மீது மரம் வளர்த்து உண்டாக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவும் உள்ளது. நடை முடிந்து திரும்புகையில் நெய்த்தோசைக்கு உட்கார்ந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!

பாதத்தைப் பற்றி ஒரு சொல். நீரிழிவில் நரம்பு மரத்தால் கல் குத்துவதும் தெரியாது. வெறுங்காலுடன் ஆடும் நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடவேண்டும். ஆட்டம் முடிந்ததும் விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மழைநாளில் சயானில் தேங்கும் நீரில் கால்வைத்தே தீரவேண்டி வந்தால், வீடு சேர்ந்ததும் சோப்பிட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். எலிக்காய்ச்சல் கிருமிக்குச் சிறு புண்ணே போதுமான வாயில். உடன் ஆடும் நண்பரிடம் நமக்கு இந்நோய் உண்டென்பதையும், சர்க்கரைப் பொட்டலம் சட்டையின் எந்தப் பையில் இருக்கிறதென்பதையும் முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.