இரண்டு மொழிக்கு நடுவே ஒரு பிழைப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு ஊடகங்களுக்குச் சுயேச்சை மொழி ஆலோசகராக வெற்றி பெறுவது எப்படி?" இது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த எங்கள் செங்கம் ரோட்டு டீக்கடைக்காரர், "ஏம்மா, நீங்க வெள்ளைக்காரங்களோட சுத்துற வேலைக்கு இவ்ளோ பெரிய பேரா?" என்று கேட்டார். பேர்தான் பெரிசு. வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குடியிருப்பது ரமணாசிரமம் பகுதி. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிய எங்கள் தெருக்களில் பத்து மொழி கேட்கும். ஆசிரமத்துக்கு வருகிறவர்களோடு, படம் எடுக்கவும் வானொலி நிகழ்ச்சி தயாரிக்கவும் புத்தகம் எழுதவும் சிலர் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே யாரைப் பார்க்கலாம், எங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. வந்த பிறகு பேட்டியில் நடுவே உட்கார்ந்து தமிழை ஜெர்மனுக்கும், ஜெர்மனைத் தமிழுக்கும் மாற்றுவேன். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு பேசியதையெல்லாம் எழுத்தாக்கி, திரையில் அடியில் ஓடும் வரிகளாகச் சுருக்கித் தருவேன். மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, கோடையில் வேலையே கிடையாது. தெரிந்துகொண்டு வாருங்கள்.

இது புதுத் தொழில் என்று நினைக்காதீர்கள். பழைய பெயர் துபாஷி. இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். இங்கிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய புதுச்சேரியில், துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் (1742–1754) தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அந்தக் காலத்து அரசியலையும் வியாபாரத்தையும் இன்று நாம் தமிழன் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால் அந்த நாட்குறிப்பினால்தான்.

அவருடைய உறவினர் நயினியப்பப் பிள்ளையின் கதை இன்னும் முக்கியம். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த அவரை 1716-இல் கைது செய்தார்கள். வழக்கில் சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய்க் காகிதத்தில் ஏறியது. தங்களுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் இருந்த தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நயினியப்பர் 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர்மீது சொன்ன தீர்ப்பு தவறு என்று ரத்தானது அதற்குப் பிறகுதான். நடுவே உட்கார்ந்து மொழி மாற்றுகிறவன் கையில் ஒரு மனுஷனுடைய உயிரே இருக்கலாம் என்று நான் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தார். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் அவரைச் சந்தித்து எழுதிய புத்தகம் 1934-இல் லண்டனில் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் மேல்நாட்டார் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் பெரும்பாலும் தமிழிலும், தெலுங்கு, மலையாளத்திலும் பதில் சொன்னார். அருகில் இருந்த அன்பர்கள் ஆங்கிலமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை அந்த உரையாடல்களை ஆங்கிலத்தில் குறித்து வைத்தார். இன்று உலகமெல்லாம் படிக்கிற புத்தகம் அது. அவருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனாலும் எங்கள் தொழிலுக்கு அவர்தான் முன்னோடி என்று நான் மனசுக்குள் வைத்திருக்கிறேன்.

ஜெர்மனில் ரமணரைப் பற்றி வந்த முக்கியமான நூல் ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதியது. அவர் இறந்த மறு வருஷம், 1944-இல், உளவியலறிஞர் யுங்கின் முன்னுரையோடு சூரிச்சில் வெளிவந்தது. ஸிம்மர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆங்கிலத்தில் வந்திருந்ததை வைத்துத்தான் எழுதினார். இதில் ஒரு சிக்கல் பாருங்கள். அகங்காரமான 'நான்' வேறு, ஆன்மாவான 'தான்' வேறு என்று காட்ட ஆங்கிலக்காரர்கள் ஆன்மாவைக் குறிக்கும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினார்கள். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் செல்லும் தந்திரம் அங்கே செல்லாது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தே கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் வெறும் அகராதியை வைத்துக்கொண்டு இந்தப் பகுதியில் வேலை செய்ய முடியாது.

சரி, என்னென்ன வேண்டும்?

முதலில் தமிழ். சிரிக்காதீர்கள். ஜெர்மன் நன்றாகப் பேசி, தமிழில் தடுமாறுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 'சும்மா' என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்கவில்லை. சும்மா வந்தேன் என்றால் காரியம் ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு. குழந்தையைச் சும்மா இருடா என்றால் அதட்டல். அதையே ஒரு சாது சொன்னால் ஒரு தத்துவம். ஐந்துக்கும் ஐந்து ஜெர்மன் சொல். எதைப் போடுவது என்பதைச் சொன்னவர் முகம்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, அயல்மொழியை முறையாகப் படிப்பது. நான் வரலாறு முடித்துவிட்டு, சனிக்கிழமைதோறும் விடியற்காலை பஸ் பிடித்து, அப்போது மெட்ராஸ் என்று இருந்த ஊருக்கு மாக்ஸ்முல்லர் பவன் வகுப்புக்குப் போனேன். பிரெஞ்சுக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். பி1 முடித்தால் வழி சொல்லலாம், சாப்பாடு வாங்கித் தரலாம். பேட்டிக்கு நடுவே உட்கார சி1-ஆவது வேண்டும். மூன்று மாதத்தில் சரளம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

மூன்றாவது, சட்டம். சுற்றுலா விசாவில் வந்து ஆவணப்படம் எடுக்கக் கூடாது. அவர்கள் புறப்படும் முன்பே தங்கள் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அருணாசலேசுவரர் கோயிலுக்கு அறநிலையத்துறை அனுமதி, ஆசிரமத்துக்கு ஆசிரம அலுவலகத்தின் அனுமதி. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெங்கல் புயல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. அப்போது ஒரு குழு என்னிடம், "வேறு பாதை தெரியுமா? எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டது. பாதை தெரியும். ஆனால் மண் எங்கே இளகி நிற்கிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. முடியாது என்றுவிட்டேன்.

நான்காவது, காசு. இதைப் பேச நம்மவர்களுக்கு ஏனோ கூச்சம். ஒரு தயாரிப்பு நிறுவனம், பெயர் வேண்டாம், செய்த வேலைக்குப் பதினோரு மாதம் இழுத்தடித்தது. அதிலிருந்து பாதித் தொகை முன்பணமாக வராமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், எழுத்து வேலைக்குத் தனியாக எவ்வளவு, படத்தில் பெயர் வருமா, எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும்; பில்லும் கடிதமும் கையில் இருந்தால் பயமில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். தாண்டட்டும் என்று வாழ்த்துகிறேன்!

ஐந்தாவதுதான் கஷ்டமானது. கிரிவலப் பாதையில் பூ விற்கிற ஒரு பாட்டியை ஒரு தொலைக்காட்சிக் குழு பேட்டி எடுத்தது. "இவ்வளவு ஏழ்மையிலும் எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள்?" என்பது கேள்வி. பாட்டி என்னைப் பார்த்து, "நிம்மதியா? யாரும்மா சொன்னது? முட்டி வலி உயிர் போவுது. கடைய நவுத்து நவுத்துன்றாங்க. மலை இருக்குது, அதப் பாத்துனு பொழுது போவுது" என்றார். அப்படியே ஜெர்மனில் சொன்னேன். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. அடியில் ஓடும் வரியில் 'மலை இருக்கிறது, எனக்கு வேறொன்றும் வேண்டாம்' என்று மட்டும் போடச் சொன்னார்.

திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் ஓடும். ஒரு வரிக்கு ஏறக்குறைய நாற்பது எழுத்து, ஏழு வினாடிக்குள் மறைந்துவிட வேண்டும். அதனால் சுருக்குவது எங்கள் அன்றாட வேலை. சுருக்கலாம், சொல்லாததைச் சொன்னதாகப் போட முடியாது. அந்தப் பாட்டிக்கு ஜெர்மன் தெரியாது, படம் அவர் கண்ணில் படவே போவதில்லை. அவர் நம்பியது என்னைத்தான். முட்டி வலியும் கடையும் இல்லாமல் அந்த வரி வராது என்றேன். மிச்சமிருந்த மூன்று நாள் வேலை போனது. அந்த நிறுவனம் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. பாட்டி இன்று இல்லை. அதே இடத்தில் பூ விற்கிற அவருடைய பேத்தி என்னைப் பார்த்தால் நின்று பேசுவாள்.

"அக்கா, இப்போ போனே மொழிபெயர்க்குதே, இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. கடிதம், அறிவிப்பு போன்ற எழுத்து வேலைகளில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது அது செய்ததைத் திருத்திக் கொடுப்பதற்குக்கூட என்னிடம் வருகிறார்கள், குறைந்த கூலிக்கு. அதை நம்பி மட்டும் யாரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். ஆனால் யார் வீட்டுத் திண்ணையில் எப்போது உட்காரலாம், எந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது, எப்போது காமிராவை அணைக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊரில் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து ஐந்து வருஷம் கொடுங்கள். அதுவரை சோற்றுக்கு வேறு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் டியூஷன் எடுத்தேன். ரமணாசிரமம் பகுதியில் யாருக்காவது வழி கேட்க வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சீசனில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.