நிற்கிற கால்களுக்காக
(கூட்டமைப்பு விழாவில் திருப்புலிவனம் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஜவுளிக்கடையில நின்னே வேலை பார்த்தவ. உட்கார்ந்தா திட்டு விழும். அப்போ கெண்டைக்கால்ல புடைச்சதுதான் இந்த நீல முடிச்சு. நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு சொல்றோமே, அது நரம்பு இல்லை. ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டுபோகிற குழாய். அதுக்குள்ளே இருக்கிற சின்ன வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும். கெண்டைக்கால் தசை அசைந்தால் அது மேலே ஏறும்.

அதனால் ஒரே இடத்தில் அசையாம நிற்காதீங்க. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. படுக்கும்போது காலைத் தலையணை மேல உயர்த்தி வையுங்க. முடிச்சு மேல எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க. இதெல்லாம் வலியைக் குறைக்கும். முடிச்சை மறைய வைக்காது. புண் ஆறாம இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முடிச்சு உடைஞ்சு ரத்தம் வந்தா படுத்து, காலைத் தூக்கி, சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க.

கடையில வேலை பார்க்கிறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-ல் நம்ம சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்தாச்சு. வேலைக்குப் போற உங்க பொண்ணுங்ககிட்ட இன்னைக்கே கேளுங்க: "கடையில நாற்காலி இருக்காம்மா?" எனக்குக் கிடைக்காதது அவங்களுக்குக் கிடைக்கணும்.